ஈயம் விழுந்த மணி

1

இந்தக் கதை ஒரு மட்டமான சத்தத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. பர்மிய மலையூரான கெங்துங்கில் என் எதிர்வீட்டு நாங் மொலாவ், கட்டைவிரல் உயரத்தில் வெண்கல யானை, சிங்கம், அன்னம் வார்ப்பவள். அவள் வீட்டில் எழுந்த சத்தம்: 'டொக்.'

முதலில் இப்படித் தொடங்கினேன்: "உலைக்குள் யாரோ எதையோ போட்டார்கள். அந்தக் கை..."

(நிறுத்திவிட்டேன். விஷம் வைக்கிற கை என்று நினைத்துவிடுவீர்கள். வாராவாரம் பத்திரிகைக்குக் கொலைக்கதை எழுதிய பழக்கம்.)

2

மொலாவின் கணவர் சாய் செங்குக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. போன வாரம் கட்டிலிலிருந்து விழுந்தவர், கூப்பிட வழியில்லாமல் தரையிலேயே கிடந்தார். மொலாவ் கொல்லையில் உலையோடு இருந்தாள். அதனால்தான், அவர் ஆட்டிக் கூப்பிட, இந்தக் குட்டி மணி. பிடிக்கு ஓர் அன்னம்.

மெழுகில் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகை வடித்தாள். வெண்கலம் உருகும்போது புண்ணியத்துக்காக அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு உலோகத் துணுக்குப் போடுவது வழக்கம். நான் ஒரு பித்தளைப் பொத்தான் போட்டேன். பக்கத்து வீட்டு நாங் யோத்...

(இவளை வில்லியாக்க இரண்டு பக்கம் முயன்றேன். காலையில் அவள் கொண்டுவந்து தந்த சூடான கடலைமாவுக் கூழ் குறுக்கே வந்தது.)

மொலாவ் அச்சை எடுக்கத் திரும்பிய நேரத்தில், யோத் கைநிறைய மீன்வலைக் குண்டுகளைப் போட்டாள். அத்தனையும் ஈயம்.

வார்த்து ஆறியதும் அச்சை உடைத்து, நாக்கைக் கட்டி, மணியை ஆட்டினாள் மொலாவ். டொக்.

3

"யோத் அக்கா, என்னத்தப் போட்டே?"

"வலைக்குண்டுதான். கனமா போட்டா புண்ணியமும் கனமா வரும்னு..."

"ஈயம் விழுந்தா மணி பேசுமாக்கா? இப்ப இதுவும் இவரு மாதிரி ஆயிடுச்சு!"

கட்டிலில் சாய் செங்கின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! கையை நீட்டி மணியை வாங்கிக்கொண்டார்.

"குடுங்க, மறுபடி உருக்கி வார்க்கிறேன்."

தரவில்லை. முகவாயால் ஜன்னலைக் காட்டினார். குன்றின் மேல் புத்தர் கோயில் உச்சியில் நூற்றுக்கணக்கான மணிகள் காற்றில் கணகணத்துக்கொண்டிருந்தன. அவர் ஆட்டினார். டொக்.

யோத்துக்குத்தான் முதலில் புரிந்தது. "அடியே, நல்ல மணியா இருந்தா இத்தனை சத்தத்துல உனக்குப் பிரிச்சுத் தெரியுமா? இது உன் ஆளு கூப்பிடுறதுன்னு ஊருக்கே தெரியும். எனக்கு நன்றி சொல்லு!"

"சொல்றேன் தாயே. இனிமே உலைப் பக்கம் மட்டும் வராதே."

4

இந்த வரியை எழுதும்போது டொக் கேட்டது. கொல்லையிலிருந்து மொலாவ் ஓடுகிறாள். எதற்குக் கூப்பிட்டார்? தண்ணீருக்கா, சும்மா முகம் பார்க்கவா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் விட்டால் கதவுக்குப் பின்னால் ஒரு பிணத்தை வைத்துவிடுவேன். யோத்தின் புண்ணியத்துக்காக ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: அவர் கூப்பிட்டது மொலாவுக்குக் கேட்டது.