பக்கத்தில் நின்றவள்

ஃப்ரிஸ்பீயா, பூங்காவில் நாய்க்குத் தூக்கிப் போடுவார்களே, அதுவா என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது ஆட்டம் ஐயா, ஆட்டம். பக்கத்துக்கு ஏழு பேர், ஓடி ஓடி நாக்குத் தள்ளிவிடும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரடி நகரக் கூடாது. எதிரி பத்து எண்ணுவதற்குள் வேறொருத்திக்கு எறிந்துவிட வேண்டும். எதிரணியின் கடைசிக் கட்டத்துக்குள் நம்மவள் ஒருத்தி பிடித்தால் ஒரு புள்ளி. இதை என் அப்பாவுக்கு மூன்று வருடம் விளக்கினேன். "சரி, எப்ப முடியும்?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

இன்னொன்று, எங்கள் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தப்புச் செய்தவள் தானே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். கால் கோட்டைத் தாண்டியதா, தட்டு தரையில் பட்டதா என்று தகராறு வந்தால், பக்கத்தில் நின்று பார்த்தவள் யாரோ அவள் சொல்வதுதான் தீர்ப்பு. விசில், அட்டை எல்லாம் இல்லை. வாய்ச்சொல் மட்டும்தான்.

மகளிர் கல்லூரி அணிக்கு நான் கேப்டன். அணியில் என் பெயர் ஜட்ஜம்மா. சும்மா வைத்த பெயரில்லை. இரண்டாம் வருடம் ஓர் அரையிறுதியில் கடைசிப் புள்ளியைப் பிடித்துவிட்டு, "என் கால் வெளிய இருந்துச்சு" என்று நானே திருப்பிக் கொடுத்தேன். தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தவளை மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "உன்ன மாதிரி வீட்டுக்கு ஒருத்தி இருந்தா ஊருக்குப் போலீஸே வேணாம்டி. ஆனா எவனும் நிம்மதியாத் தூங்க மாட்டான்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். எனக்குள் பெருமை வேறு.

தவளை என்றால் எங்கள் அணியின் உயிர். மற்றவர்கள் தட்டை நோக்கி ஓடுவோம். அவள் பாய்வாள். உடம்பு முழுவதும் தரைக்கு மேலே நீண்டு கிடக்க, விரல் நுனியில் தட்டைப் பிடித்துக்கொண்டு மாரால் சறுக்கிப் போவாள். முழங்கால் ஆறி நான் பார்த்ததில்லை. அவள் அம்மா, எங்களுக்கு ஆன்ட்டி, வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தார். ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, காத்திருக்க ஒரு பெஞ்சு. அப்பா இல்லாத வீடு. "உன் காலைப் பாத்தா எவ எங்கிட்ட வந்து தலையைக் குடுப்பா?" என்று கத்திக்கொண்டே மருந்து போட்டுவிடுவார்.

காலை ஐந்தரை மணிக்குத்தான் எங்களுக்கு மைதானம். ஏழானால் கால்பந்துக்காரர்கள் வந்து கோட்டோரம் நின்று கொட்டாவி விடுவார்கள், கிளம்பு என்று அர்த்தம். பயிற்சியாளர் என்று யாரும் இல்லை. நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு மேடம் தாளில் கையெழுத்துப் போடுவார், போட்டிக்குக் கூட வருவார், நிழல் பார்த்து உட்கார்ந்து ஏதாவது படிப்பார். அவருக்கு ஆட்டத்தில் தெரிந்தது, நாங்கள் கத்தினால் கைதட்ட வேண்டும் என்பது மட்டும்தான். ஆக, முடிவெடுப்பது எல்லாம் நான்தான். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

கடைசி வருடம் நாங்கள் முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எட்டுப் பேர் போனோம். காலை ஆட்டத்திலேயே ஒருத்திக்குக் கணுக்கால் பிசகி, வாளித் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மீதி ஏழு. ஏழு பேர் இறங்காத அணி தோற்றதாகக் கணக்கு, அதுதான் அந்தப் போட்டியின் விதி. மாற்று ஆள் இல்லாமல் வெயிலில் ஓடினோம். பதினொன்றுக்குப் பதினொன்று. பதின்மூன்று எடுத்தால் கோப்பை.

நான்தான் எறிந்தேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். தவளை பாய்ந்தாள், தட்டு கிடைக்கவில்லை. பின்னாலேயே ஓடிய நான் அவளுக்கு இரண்டு கை தூரத்தில் இருந்தேன். தோள் தரையில் பட்டது. அதே வேகத்தில் தலையும் பட்டது. புல் செத்துக் காய்ந்து கிடந்த இடம். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

எதிரணி கேப்டன் ஒரு நெட்டைப் பெண். அவள்தான் ஆட்டத்தை நிறுத்தி ஓடி வந்தாள். தவளை எழுந்து உட்கார்ந்து மண்ணைத் துப்பிவிட்டு, "ஓகே, ஓகே" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நம்ம எந்தப் பக்கம் அடிக்கிறோம்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் எப்போதும் ஏதாவது உளறுகிறவள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"தலை பட்டுச்சா?" என்று நெட்டை கேட்டாள். தவளையிடம் இல்லை, என்னிடம். "நான் தூரத்துல இருந்தேன். நீதான் பக்கத்துல இருந்த."

தலையில் அடி என்றால் அன்று முழுக்க வெளியே உட்கார வேண்டும். அதுவும் விதி. என்னைவிட விதி தெரிந்தவள் அந்த மைதானத்தில் யார் இருந்தார்கள்?

"இல்ல. தோள்தான்" என்றேன்.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல, அவ உக்காரட்டும். நாங்களும் ஒருத்தியை எடுத்துடறோம். ஆறுக்கு ஆறு ஆடலாம், நான் போய்ப் பேசறேன்."

அந்தப் பெண் எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாள்! எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பிச்சையா போடுகிறாய் என்று தோன்றியது. "தோள்தான்னு சொன்னேன்ல?" என்றேன். அவள் உடனே, "சாரி, சாரி" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். ஜட்ஜம்மா சொன்னால் எவளும் இரண்டாம் முறை கேட்பதில்லை, எதிரணியில்கூட.

அடுத்த புள்ளி எங்களுக்கு. அதற்கடுத்த புள்ளியில் தவளை பாயவே இல்லை. சும்மா ஓடினாள், எதிரில் வந்தவளின் தோளில் லேசாக இடித்தாள், உட்காருவதுபோல் கீழே போனாள். சின்னப் பிள்ளைகள் அதைவிடப் பலமாக விழும். எழவில்லை. நூலக மேடம் கைதட்டிக்கொண்டிருந்தார். யாரோ போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி இன்னைக்குத் தலையில அடி ஏதாவது பட்டுச்சா?" என்பதுதான். தவளையின் அம்மா அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். மேலங்கி முழுக்க யாருடையதோ முடி. பையில் சீப்பு துருத்திக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"இல்ல டாக்டர். இது ஒண்ணுதான்" என்றேன்.

அவளைக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை. சாயங்காலம் நூலக மேடம் ஒரு கோப்பையோடு வந்து நின்றார். நேர்மையாக ஆடிய அணிக்கு ஒரு பரிசு உண்டு, எதிரணிகள் மதிப்பெண் போட்டுக் கொடுப்பது. நெட்டையின் அணி எங்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேடம் மருந்துக் கவுண்டரில் வைத்தார். எடுத்துப் போங்கள் என்று அவர்கள் திட்டினார்கள்.

தவளை பிழைத்துக்கொண்டாள். பிழைத்தாள் என்பதுதான் எல்லோரும் சொன்ன வார்த்தை. மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். இடது கால் இழுத்தது. பழையதெல்லாம் நினைவிருந்தது. என்னை, அணியை, யார் யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பதை எல்லாம் சொல்வாள். புதிதாக எதுவும் தங்கவில்லை. அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி, அதற்குள் போய்விடும். எல்லாவற்றையும் எழுதி வை என்று ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். 'காலை மாத்திரை போட்டாச்சு.' 'அம்மா கடையில்தான் இருக்கிறாள்.' அப்படி.

தனியே விட முடியாததால் அவளைக் கடையிலேயே, அந்தக் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார் ஆன்ட்டி. அணியில் மற்றவர்கள் முதலில் கூட்டமாக வந்தார்கள், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் யாருமில்லை. நான் சனிக்கிழமைதோறும் போனேன். "நீ ஒருத்திதாம்மா மறக்காம வர்ற" என்பார் ஆன்ட்டி. அதைக் கேட்பதே எனக்குக் கொடுமை.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. யார் வந்து கேட்டாலும் ஆன்ட்டி ஒரே பாட்டுத்தான் பாடுவார். "சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே? குதிக்காதடி, குதிக்காதடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். தானாப் போய் விழுந்து கெடுத்துக்கிட்டா." நாற்காலியில் இருக்கும் பெண்மணி கண்ணாடி வழியாகத் தவளையைப் பார்த்து உச்சுக் கொட்டுவாள். தவளை என்னிடம் குனிந்து, "நான்தான் தப்பா விழுந்துட்டேன்ல?" என்பாள். ஒவ்வொரு வாரமும் கேட்பாள். வந்து பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை எனக்குத் தாங்கவில்லை. ஆன்ட்டி டிரையரைப் போட்டு ஒருத்தியின் தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் தவளையின் காதருகே போய்ச் சொன்னேன். "நீ தப்பா விழல. உன் தலை முதல்லயே அடிபட்டுச்சு. நான் பாத்தேன். படலன்னு பொய் சொல்லி உன்னை ஆட விட்டேன்."

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீயா?" என்றாள். "நீயாடி பொய் சொன்ன?" அப்புறம் கண்ணீர் வழிய நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இத எழுதாத" என்றேன். அவள் எழுதவில்லை. கேப்டன் சொல்லிவிட்டேனே. முக்கால் மணி கழித்து, "ஏய் ஜட்ஜம்மா, எப்ப வந்த?" என்று சிரித்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அன்று வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மாதக்கணக்கில் வராத தூக்கம் வந்தது. சொல்லியாகிவிட்டது, கேட்கவும் கேட்டுவிட்டாள், யாருக்கும் தெரியவும் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் டிரையருக்காகக் காத்திருந்து சொன்னேன். அதற்கடுத்த சனிக்கிழமையும். ஒரு வாரம் அவள் என்னைத் தள்ளிவிட்டாள். ஒரு வாரம், "கடைசில ஜெயிச்சோமா இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வாரம் என் கன்னத்தைத் தொட்டு, "சரி விடு, மன்னிச்சுட்டேன் போ" என்றாள். அது போதாதா? போதவில்லை. அந்த வார்த்தையை இன்னொருமுறை வாங்கிக்கொள்ளலாம் என்றே மறுவாரமும் போனேன். அந்த வாரம் அவள் அதைச் சொல்லவில்லை. அழுதாள்.

ஏழாவது சனிக்கிழமை போனபோது நாற்காலி காலியாக இருந்தது. ஆன்ட்டி வாசல் கதவைச் சாத்தி, எங்கள் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காத" என்றார். "சனிக்கிழமை ஆனா நீ போனதுக்கப்புறம் இவ அழ ஆரம்பிச்சுடறா. ராத்திரி படுக்கற வரைக்கும் அழறா. ஏன்டின்னு கேட்டா தெரியலம்மாங்கிறா. நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு, என்னமோ ஆயிடுச்சும்மா, என்னன்னு தெரியலம்மாங்கிறா. மத்த நாள்ல இல்ல. நீ என்னம்மா சொல்ற அவகிட்ட?"

அவளுக்கு மறந்துவிடுகிறது என்றல்லவா நினைத்தேன்? வார்த்தை போயிருக்கிறது, வலி போகவில்லை. ஆறு வாரம் நான் தூங்கினேன், அவள் அழுதிருக்கிறாள்.

"ஏம்மா அவளை மிரட்டற?" என்றாள் தவளை. "அவ பொய்யே பேசமாட்டா. எங்க ஜட்ஜம்மா."

சொன்னேன். டிரையர் ஓடவில்லை, என் குரல் எனக்கே கேட்டது. தலை பட்டதை, சத்தம் கேட்டதை, நெட்டை கேட்டதை, ஆறுக்கு ஆறு ஆடலாம் என்றதை, டாக்டரிடம் சொன்னதை எல்லாம் சொன்னேன். தவளை இடையில் ஒருமுறை, "நீயா?" என்றாள். ஆன்ட்டி அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் எழுந்து போய்ப் பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். முளைத்து வந்த அந்தக் குட்டை முடியை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார்.

"உன்னையே திட்டிக்கிட்டிருந்தேனேடி" என்றார் அவளிடம். "வர்றவ போறவ எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லித் திட்டினேனே."

நான் கிளம்ப எழுந்தேன். கதவு வரை போனதும் அவர் குரல் வந்தது.

"அடுத்த வாரம் வராம இருந்துடாத. இவ உன்னைத் தேடுவா. வா, உக்காரு, பேசு. ஆனா இத இவகிட்ட இன்னொரு தடவ சொல்லாத. சொல்லியே ஆகணும்னா என்கிட்ட சொல்லு. எனக்கு மறக்காது."

அடுத்த சனிக்கிழமை போனேன். கதவைத் திறந்தவர் வா என்று சொல்லவில்லை, நகர்ந்து வழிவிட்டார். தவளை என்னைப் பார்த்ததும் மலர்ந்து, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். பழைய கதையெல்லாம் பேசினாள். பத்து நிமிடம் ஆனது. என் பக்கம் குனிந்து, "நான்தான் தப்பா விழுந்துட்டேன்ல?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு" என்றார் ஆன்ட்டி, கண்ணாடியின் முன்னால் நின்று ஒருத்தியின் முடியை வெட்டிக்கொண்டே. "நீ விழுந்ததுல ஒரு தப்பும் இல்ல."

நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.