அவசரக் குடிநீர்ப் பணி

அது தீபாவளிக்கு முந்தின ஞாயிறா, பிந்தின ஞாயிறா என்று சரியாக நினைவில்லை. நகராட்சியில் குழாய் ஃபிட்டராக இருக்கிற ஜெரால்டுக்கு அன்று லீவு என்பது மட்டும் உறுதி. மனைவி இசைவாணிக்குக் கணுக்கால் வீக்கம். பொன்னமராவதி பஸ் நிற்கிற, வண்டி நிறுத்தக் கூடாத மார்க்கெட் வாசலிலேயே அவள் ஸ்கூட்டரை நிறுத்தட்டும் என்று, ‘அவசரக் குடிநீர்ப் பணி’ என்ற தன் ஆபீஸ் பார்க்கிங் அட்டையை அதில் மாட்டிவிட்டான்.

அட்டையைப் படித்த முட்டைக் கடை செங்கமலம் மறித்துக்கொண்டாள்.

“தண்ணி வந்து ஆறு நாளாச்சு. நீங்க இங்கிட்டு கத்திரிக்கா பொறுக்குறீங்களா?”

உண்மையைச் சொன்னால் புருஷன் வேலைக்கு ஆபத்து. இசைவாணி, “தெருப் பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றாள். கூட்டம் கூடிவிட்டது.

வீட்டில் அவள் நீட்டிய சீட்டில் ஒன்பது தெருக்கள் இருந்தன. ஜெரால்டு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சாயங்காலத்துக்குள்ள வரும்னு சொல்லிட்டேங்க.”

“என்னைக் கேக்காமயா?”

“அட்டையை மாட்டிவிட்டது யாராம்?”

சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வால்வுகளைத் திறக்கக் கிளம்பினான்.

அன்று மாலையே ஒன்பது தெருவுக்கும் தண்ணீர் வந்தது. விஷயம் தெரிந்ததும் நகராட்சி இன்ஜினியர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு மெமோ கொடுத்தார், வேலை போகவில்லை. இசைவாணிக்குக் கால் சரியாகிவிட்டது. குழாயில் தண்ணீர் வராமல் வெறும் காற்று வந்தால் செங்கமலம் இன்றும் அவளுக்குத்தான் போன் செய்கிறாள்.