ஜாடிக்கும் மீனுக்கும் கல்யாணம்

வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது. காட்டுப்பாக்கத்தில், பூபாலன் அண்ணனின் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில். அச்சடித்த தாளைக் காயவைப்பேன், எண்ணி அடுக்குவேன், கல்யாணப் பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவேன். எழுந்து நின்று பாடம் வாசிக்கப் பயந்தே பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

போன மாதம் தாம்பூலப் பைகளை மாற்றி அடுக்கியதில் மாப்பிள்ளை பெயர் தலைகீழாக அச்சாகிவிட்டது. "இன்னொரு தபா சொதப்புனே, யுவராணி, ஊட்டோட இருந்துக்கோ" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

இந்த மாதம் அட்வோவா மேடம் வந்தார். அவருடைய பெற்றோர் கானா நாட்டுக்காரர்கள். அவர் பிறந்து வளர்ந்தது லண்டனில். அவர் வரைந்த ஓவியத்தை ஐந்து நிறத்தில் நாற்பது தாள் அடிக்க வேண்டும். சாய்ந்த மேசை, அதன்மேல் நீல ஜாடி, மூன்று ஆரஞ்சு, ஒரு மீன்.

"இன்னா நைனா இது, மேசை சாஞ்சிகினு கீது? பழம் உருண்டு உழாதா?" என்று கேட்டார் மை இழுக்கும் அஞ்சலை அக்கா.

"மாடர்ன் ஆர்ட்டு. உழாது" என்றார் அண்ணன்.

மேடம் வாங்கிப்போக வரும் நாளன்று காலை, நானூறு பத்திரிகைக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே அந்த நாற்பதும் இருந்தன. ஜாடி, பழம் எல்லாம் சீர்வரிசைத் தட்டு மாதிரி இருந்ததால் கைக்குச் சந்தேகமே வரவில்லை. நாற்பதாவது தாளின் கடைசி மூலைக்கும் மஞ்சள் வைத்த பிறகுதான் மீன் கண்ணில் பட்டது. சீர்வரிசையில் ஏது மீன்?

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

அண்ணன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்ட நேரமில்லை. அவரும் அஞ்சலை அக்காவும் ஆளுக்கு இரண்டு மூலையைக் கட்டைவிரலால் மறைத்து, போர்வை உதறுகிறவர்கள் மாதிரி தாளைத் தூக்கிப் பிடித்தார்கள். மேடம் அடுத்ததைக் கேட்டார். அதையும் அப்படியே பிடித்தார்கள். மேசைமேல் வைக்கச் சொன்னார்.

"நோ மேடம். காத்து!" என்றார் அண்ணன். கரண்ட் போய் ஒரு மணி நேரமாக மின்விசிறி ஓடவில்லை.

மேடம் மெதுவாக அஞ்சலை அக்காவின் கட்டைவிரலை நகர்த்தினார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணன் ஓடாத மின்விசிறியைப் பார்த்தார்.

"டர்மெரிக்" என்றேன். மசாலா பாக்கெட் அடித்தபோது கற்ற வார்த்தை. "மேரேஜ். குட் லக்."

"யாருக்குக் கல்யாணம்?" என்பது அடுத்த கேள்வி.

பயத்தில் என் விரல் தானாகப் படத்துக்குப் போனது. ஜாடியைக் காட்டினேன். பிறகு மீனை.

மேடம் மை டப்பாமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முப்பத்தொன்பது தாளின் ஓரத்தை வெட்டிக் கொடுக்கச் சொன்னார். ஒன்றை மட்டும் மஞ்சளோடு தனக்கென்று சுருட்டிக்கொண்டார்.

கார் போனதும் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன்.

"எங்கே போறே?" என்றார் அண்ணன். "வெள்ளிக்கிழமை ஒரு ஜப்பான் பார்ட்டி வருது. இங்கிலீஷு இவ்ளோ சோக்கா பேசுறே, சொல்லவே இல்ல? இனிமே நீதான் பேசணும்."

வேலை போகவில்லை. வெள்ளிக்கிழமைக்குக் காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்கும்.