தூணடியில் ஒரு வெளிச்சம்

“அப்பா, இதுல வயரே இல்லையே. நீங்க கூப்பிட்டீங்களா, வேற யாரும் கூப்பிட்டாங்களான்னு இந்த லைட்டுக்கு எப்படித் தெரியும்?”

புதிதாக வந்த ஃபிளாஷைத் தொட்டுப் பார்த்தபடி மகள் டயானா ஒருநாள் கேட்டாள். கேமராவில் இருக்கும் ஃபிளாஷ் மின்னினால், தள்ளி ஸ்டாண்டில் நிற்கும் இதுவும் அதைக் கண்டு தானும் மின்னும். பழங்காநத்தத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜூடுக்கு அதில் ஏகப் பெருமை. “அப்பா கூப்பிட்டா அதுக்குத் தெரியும்மா” என்று சிரித்து வைத்தான்.

சரியான பதில் காவ்யஸ்ரீயின் கல்யாணத்தில்தான் கிடைத்தது.

பெண்ணின் தந்தை ஜனகராஜ் பக்கவாதத்தில் விழுந்து பேச்சிழந்தவர். நாற்காலியோடு தூக்கி வந்து மேடையோரத் தூணடியில் உட்கார வைத்திருந்தார்கள். அங்கே ஒரே இருட்டு. அவர் மனைவி சாரதாம்பாள் ஜூடைத் தனியே அழைத்தார்.

“தம்பி, தாலி ஏறுறப்ப படத்துல அவர் முகம் விழுந்தாப் போதும். டாக்டர் கைய விரிச்சிட்டாரு.”

ஜூடு தன் ஸ்டாண்ட் ஃபிளாஷைத் தூணுக்கு எதிரே நிறுத்தினான்.

ஆனால் நம் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் வீட்டுக்கு ஒரு போட்டோகாரர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு போட்டோகாரர். பெண் வீட்டுக்கு ஜூடு என்றால், மாப்பிள்ளை வீட்டார் சோழவந்தானிலிருந்து பால்பாண்டியைக் கூட்டி வந்திருந்தார்கள். யார் ஃபிளாஷ் என்று பாராமல், அவர் படம் எடுக்கும்போதெல்லாம் ஜூடின் விளக்கும் மின்னியது. ஒருமுறை மின்னினால், அது மறுபடி தயாராகச் சில விநாடிகள் பிடிக்கும்.

“அண்ணே, நான் எடுத்தப்புறம் எடுங்கண்ணே!”

“நீ முந்திக்க மாப்ள, யாரு வேணாங்குறா?”

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. ஜனகராஜின் கோணிய வாய் மெல்ல விரிந்தது. சிரித்தார். அந்தக் கணத்தில் பால்பாண்டி அழுத்தினார், தூணடி பகலாயிற்று. ஒரு மூச்சு பிந்தி ஜூடு அழுத்தினான். விளக்கு வெறுமனே நின்றது. அது மறுபடி தயாரானபோது சிரிப்பு போய்விட்டிருந்தது. தாலியை இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியுமா?

“உங்க ஃபிளாஷ் என் லைட்டைத் தின்னுருச்சுண்ணே!” என்று பந்தியில் எல்லோர் முன்பும் கத்தினான். பால்பாண்டி இலையிலிருந்து தலை நிமிரவே இல்லை.

ஃபிலிமைக் கழுவியபோது, தாலி ஏறும் படத்தில் தூணடியில் ஒரு கரிய திட்டுதான் இருந்தது. மாதம் முடிவதற்குள் ஜனகராஜ் போய்ச் சேர்ந்தார். சாரதாம்பாள் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார்.

“அவர் சிரிச்சாரு தம்பி. நான் பார்த்தேன். அது விழுந்திருக்குல்ல?”

“இன்னும் பிரிண்ட் வரலம்மா.”

அவர் போன பிறகு ஜூடு கடைக்குள் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். வழியற்றவர்களுக்குத் துணை நிற்கும் புனிதரின் பெயரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள். அன்று அவனே வழியற்றவனாக அவரிடம் மன்றாடினான். அப்போது டயானாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. விளக்கு வேறு யாரோ கூப்பிட்டுத்தான் போனது. அப்படியானால் அந்தச் சிரிப்பு பால்பாண்டியின் ஃபிலிமில் இருக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்கு எடுத்த நெகட்டிவ் மறு வீட்டுப் போட்டோகாரர் கைக்குப் போகாது. அது தொழிலின் எழுதாத சட்டம். கத்திய வாயோடு எப்படிக் கேட்பது? ஆனாலும் சோழவந்தானுக்கு பஸ் ஏறினான்.

“என்ன மாப்ள, தின்னதைத் துப்பச் சொல்லி வந்தியா?” என்றார் பால்பாண்டி.

ஜூடு கேட்பதற்குள் அவரே எழுந்து நெகட்டிவ் இருந்த ஒரு கவரை எடுத்து வந்தார்.

“கழுவிப் பார்த்தப்பவே முழிச்சேன்யா. என் ஓட்டை ஃபிளாஷுக்கு ஏது இம்புட்டு வெளிச்சம்? கொண்டு போ. அந்தம்மா காத்திருக்கும்.”

கேலி செய்துகொண்டே கொடுத்தார். அதனால் வாங்குகிற கை கூசவில்லை. பிரிண்ட் போட்ட படத்தைப் பார்த்த சாரதாம்பாள் முந்தானையால் அதைத் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

தை மாதம் திருவாதவூரில் ஒரு கல்யாணம். ஜூடு பெண் வீட்டுக்கு; மாப்பிள்ளை வீட்டுக்குப் பால்பாண்டி. மாப்பிள்ளையின் தாய் கணவரை இழந்தவர். மேடைக்கு வராமல் கதவோரத்து இருட்டில் அட்சதையோடு நின்றார். எத்தனை பேர் கூப்பிட்டும் அசையவில்லை. பால்பாண்டி தன் பழைய ஃபிளாஷைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தாயையே குறிபார்த்து நின்றார். அந்த ஃபிளாஷின் வெளிச்சம் கதவு வரை போகாது என்பது ஜூடுக்குத் தெரியும்.

மேளம் ஓங்கியது. எல்லாக் கண்களும் தாலியில் இருந்தன. ஜூடு தன் விளக்கை மெல்லக் கதவுப் பக்கம் திருப்பினான். பிறகு பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

பால்பாண்டி அழுத்தினார். அட்சதை தூவ உயர்ந்த கையும், நனைந்த முகமுமாக அந்தத் தாய் வெளிச்சத்தில் நின்றார்.

அதன் பிறகே ஜூடு தன் படத்தை எடுத்தான். மணமக்கள் அருகில்தான் இருந்தார்கள். அவர்களுக்குக் கேமராவின் வெளிச்சமே போதுமாக இருந்தது. பால்பாண்டி திரும்பிப் பார்ப்பதற்குள் விளக்கைப் பழைய பக்கமே திருப்பி வைத்தான்.