மேல்மாடியில் முப்பது பேர்

வீடுகளில் கரையான் இருக்கிறதா என்று பார்த்து மருந்தடிப்பவர் என்பதால் கரையான்காரர் என்று தெருவே கூப்பிடும் அந்த மனிதர், மனைவியோடும் மகளோடும் மர அரண்மனையைப் பார்க்க வந்தது முழுக்கப் பெருமைக்காகத்தான். ராஜா குடியிருந்த வீடு, இப்போது மியூசியம். அங்கே கரையான் இல்லை என்று போன வருடம் சான்றிதழ் கொடுத்ததே அவர்தான். நேரில் வந்து பார்த்துவிட்டுக் கொடுத்தாரா என்றால், அதை மட்டும் கேட்கக் கூடாது. கூட வேலை பார்ப்பவன் "எல்லாம் கெட்டி மரம் சார்" என்றான். இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மனைவிக்கு அது தெரியாது. "அப்பா காப்பாத்தின வீடு" என்று வழியெல்லாம் மகளிடம் அளந்துகொண்டே வந்தாள்.

மாடிப்படி செங்குத்து. மனைவியும் மகளும் முப்பது பேர் கூட்டத்தோடு மேலே ஏற, முட்டி வலிக்கிறதென்று அவர் கீழேயே நின்றுவிட்டார். சும்மா நின்றிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. 'தொடாதீர்கள்' என்ற பலகைக்குப் பக்கத்திலேயே, நடுத்தூணை விரலால் தட்டினார்.

காலி டப்பாவின் சத்தம் வந்தது.

கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது மண் உதிர்ந்தது, கூடவே வெள்ளை வெள்ளையாய் நெளிந்தது. அந்தப் பெரிய தூணில் மிச்சம் இருந்தது பெயிண்ட் மட்டும்தான். தலைக்கு மேலே முப்பது பேரின் காலடிச் சத்தம்.

"கையை எடுங்க சார். போர்டு தெரியலையா?" என்றார் காவலாளி.

"தூணுக்குள்ள ஒண்ணுமே இல்லைங்க. மேல இருக்கிறவங்களை மெதுவா, ஒவ்வொருத்தரா இறக்குங்க. யாரும் ஓடக் கூடாது."

"தினமும் யாராவது ஒருத்தர் இப்படித் தட்டிப் பார்த்துட்டு எனக்குப் பாடம் எடுக்கிறீங்க. விவரம் தெரிஞ்சவர் பார்த்து எழுதிக் கொடுத்திருக்காரு. அதோ மாட்டியிருக்கு. அவரைவிட உங்களுக்குத் தெரியுமா?"

சுவரில், ராஜாவின் வாளுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய கையெழுத்து இருந்தது. பேயறைந்தவர் போல அதையே பார்த்தார்.

அந்த நேரம் மனைவி படிக்கட்டின் மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மேல வாங்களேன். தரை ஊஞ்சல் மாதிரி ஆடுது. பாப்பா குதிச்சிக்கிட்டே இருக்கா."

அவர் தோளில் தூசி கொட்டியது.

"அந்தக் கையெழுத்து என்னோடது," என்றார் காவலாளியிடம், மனைவிக்கும் கேட்கும்படியாக. "நான் இங்க வரவே இல்லை. பார்க்காமலே போட்டேன்."

காவலாளியின் முகம் வெளுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை நடையாய் மேலே போனார்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். "நீங்களும் வெளிய போங்க சார்" என்று காவலாளி இரண்டு முறை சொல்லியும், கடைசி ஆள் வாசலைத் தாண்டும்வரை அவர் தூணடியை விட்டு நகரவில்லை.

வெளியே மனைவி மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்பா," என்றாள் மகள், "இது நீங்க காப்பாத்தின வீடுதானே?"