காதில் விழாத பிரஷர்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாக வேண்டியதே இல்லை. ‘மாணவர்களுக்குச் செவிலியர் படிப்பில் ஏன் இவ்வளவு ஆர்வம்?’ என்று கல்லூரி மலருக்கு ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள். பதினைந்து பேரிடம் விசாரித்தேன். பதினான்கு பேர், மனப்பாடம் செய்து வைத்தது போல, “சேவை” என்றார்கள். பதினைந்தாவது பெண் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஆர்வம் இருக்கறதாலதான் பயமா இருக்கு. ஒரு தப்பு பண்ணிட்டேன்,” என்றாள். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2
தொடக்கம் ஒன்று: ‘வெள்ளைச் சீருடையில் ஒரு தேவதை...’ (சீச்சீ! அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: ‘அவள் பெயர்...’ (சொன்னால் அவள் படிப்புக்கே உலை வைத்துவிடுவேன்.) தொட்டதற்கெல்லாம் கண் கலங்குவதால் தோழிகள் அவளைப் பஞ்சு என்பார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

3
பஞ்சு முதலாண்டு. “லேப் படிப்பு எடு, தப்பு பண்ணாலும் குழாயோட போகட்டும். மனுஷ உசுரோட உனக்கென்ன விளையாட்டு?” என்ற அப்பாவோடு ஒரு மாதம் மல்லுக்கட்டிச் சேர்ந்தவள். வார்டில் அன்று அவளுக்கு மூன்றாம் நாள். ஏழாம் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பிரஷர் பார்க்க அவர் கையில் பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காற்றை மெல்ல விட்டாள். நாடி கேட்க வேண்டும். கேட்டதெல்லாம் மின்விசிறியின் கடகடப்பும் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும்தான். இரண்டாம் முறையும் அதே கதை.

“எவ்ளோம்மா இருக்கு?”

“நல்லா இருக்கு, தாத்தா.”

கட்டிலில் தொங்கிய தாளில் காலையில் வேறொருத்தி எழுதியிருந்த எண்ணைப் பார்த்து, அதோடு இரண்டைக் கூட்டி எழுதினாள். அப்படியே எழுதினால் காப்பி என்று தெரிந்துவிடுமாம்! (முதலாண்டுக்காரிக்கு மட்டுமே ஓடும் மூளை இது.)

4
மாத்திரை வண்டியோடு சிஸ்டர் இரண்டாம் கட்டிலுக்கு வந்துவிட்டார். தாளில் பிரஷர் ரொம்பக் குறைவாக இருந்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவைப்பார், இல்லையென்றால் கொடுத்துவிடுவார். “கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லு. பொய்யா எழுதினா அன்னிக்கே வீட்டுக்கு,” என்று முதல் நாளே எச்சரித்தவர்.

“லேசா தலை சுத்துதும்மா,” என்றார் டிரைவர்.

பஞ்சு தாளில் தான் எழுதிய எண்ணைப் பார்த்தாள். ஐயோ, பிரஷர் ஏற்கெனவே இறங்கியிருந்தால்? மாத்திரை இன்னும் இறக்கிவிடுமே!

மூன்றாம் கட்டில்.

5
முடிவு அ: பஞ்சு ஓடிப்போய்ச் சொல்கிறாள். சிஸ்டர் அவளைக் கட்டியணைத்து... (எந்த ஊர் வார்டில், ஐயா?)

முடிவு ஆ: பஞ்சு வாயைத் திறக்கவில்லை. டிரைவர் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கழிப்பறைக்கு நடக்கிறார். பாதி வழியில்... (மாட்டேன். எனக்குக் கை வரவில்லை.)

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். டிரைவருக்குத் தலை சுற்றியதாக அவள் என்னிடம் சொல்லவேயில்லை. கதை சூடுபிடிக்கட்டும் என்று நானாக எழுதியது. இந்த லட்சணத்தில் அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்ல எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?

6
ஆறாம் கட்டில்.

“அப்புறம் என்னம்மா செஞ்சே?” என்று கேட்டேன். பதில் சொன்னாள். அதை எழுதப்போவதில்லை. டிரைவரை எழுப்பிவிட்டு, ஏழாம் கட்டிலில் உங்களைப் படுக்க வைக்கிறேன். அவள் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் காதில் விழும்படியே சொன்னாள்.

“வீட்டுக்கு அப்புறம் போகலாம். முதல்ல மறுபடி பாரு,” என்கிறார் சிஸ்டர்.

பட்டையை எடுத்துக்கொண்டு பஞ்சு உங்கள் பக்கம் வருகிறாள். நீங்கள் கையை நீட்டுவீர்களா?