தயிர்சாதம் தின்ற செடி

ஸ்ரீரங்கத்தில் ரிட்டையரான ஆபீசர் சடகோபன், மொட்டை மாடியில் கண்ணாடிக் கூடாரம் போட்டுப் பூச்சி தின்னும் செடிகளை வளர்த்தார். ஈ உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொள்ளும் செடிகள். பராமரிக்கிற வேலை வேலைக்காரன் அடைக்கலத்துக்கு. அடுத்த மாதம் மலர்க் கண்காட்சி. செடி வாடினால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தார்.

அவர் சம்சாரம் கமலவல்லிக்குச் செடிகளைப் பிடிக்கவில்லை. "மாமிசம் தின்கிறதெல்லாம் நம்மாத்தில் இருக்கலாமா?" என்றார். உடனே கூடாரத்தைச் சுற்றிக் கொசுவலை கட்டினார்கள். வாய்க்கு வாய் தயிர்சாதம் வைக்கச் சொல்லி அடைக்கலத்துக்கு உத்தரவு. நாலு நாளில் வாயெல்லாம் கறுத்து அழுகிப்போச்சு.

அடைக்கலம் பயந்துவிட்டான். அன்றிலிருந்து தயிர்சாதத்தைக் காக்காய்க்கு வைத்தான். வீட்டில் எல்லாரும் மத்தியானம் தூங்குகிற நேரம் பார்த்து, வலையைத் தூக்கிவிட்டு, கருவாட்டுக் குழம்புத் தூக்கைக் கூடாரத்துக்குள்ளேயே திறந்துவைத்துச் சாப்பிட்டான். தெருவில் இருந்த ஈ பூராவும் மாடியேறி வந்தது. மாசம் முடிவதற்குள் புது வாய்கள் விட்டு, செடிகள் தளதளவென்று நின்றன.

கண்காட்சியில் முதல் பரிசு. சடகோபன் மைக்கைப் பிடித்தார். "எல்லாம் தயிர்சாதத்தில் வளர்ந்தது. பழக்கினால் எதுவும் திருந்தும்."

கீழே இறங்கியதும் அடைக்கலத்தின் தோளைத் தட்டினார். "செடியே விட்டுடுத்து. நீயும் கருவாட்டை விடப்படாதா?"

"விட்டுடலாம் சார்," என்றான் அடைக்கலம். "அடுத்த வருஷக் கண்காட்சி முடியட்டுங்க."